உப்புத் தண்ணி ஊரில் வாஷிங் மெஷின்: பவுடர் எவ்வளவு, சூடு எவ்வளவு?

போன சித்திரையில் எங்கள் வீட்டு வாஷிங் மெஷினில் சூடு ஏறுவது நின்றுவிட்டது. சரிபார்க்க வந்த தம்பி பின்பக்கத் தகட்டைக் கழற்றி, ஹீட்டர் ராடை வெளியே இழுத்துத் தரையில் விரித்த செய்தித்தாளின் மேல் வைத்தார். ராடு என்று சொன்னால்தான் அது ராடு என்று தெரியும். வெள்ளையும் சாம்பலும் கலந்த ஒரு கெட்டி ஓடு அதை முழுக்க மூடியிருந்தது. ஸ்க்ரூடிரைவரின் பிடியால் ஒரு தட்டு தட்டினார். பழைய சுவரில் காரை பெயர்வது போல ஒரு சில்லு விழுந்தது.

"அக்கா, இது பவுடர் இல்ல. உங்க போர் தண்ணி" என்றார்.

அப்புறம் முன்பக்கம் வந்து, கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்தை மடக்கிக் காட்டினார். மடிப்புக்குள் விரலால் வழித்தெடுக்கும் அளவுக்குச் சாம்பல் நிறக் கூழ். மோந்து பார்த்தால் ஈரத்துணியை மூன்று நாள் மூட்டை கட்டி வைத்த வாடை. "இதுதான் பவுடர்" என்றார்.

ராடில் இருந்தது தண்ணீரின் வேலை, ரப்பரில் இருந்தது என் கையின் வேலை. நாலு வருடமாக நான் பவுடரையும் போட்டு, சூட்டையும் திருகி, இரண்டையும் தப்பாகவே செய்துகொண்டிருந்திருக்கிறேன். அதற்குப் பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்ததும், துணியில் போட்டுப் பார்த்ததும்தான் இந்தக் கட்டுரை. பவுடரின் அளவைத் தண்ணீரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும், சூட்டைக் கறையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டையும் நுரையைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம்.

நல்ல தண்ணி, உப்புத் தண்ணி

மதுரைக்காரர்களுக்குத் தண்ணீர் இரண்டு வகை. வைகை அணையிலிருந்து குழாயில் வருவது நல்ல தண்ணி. போரில் ஏற்றுவது உப்புத் தண்ணி. நல்ல தண்ணியைக் குடத்திலும் டிரம்மிலும் பிடித்துக் குடிக்க, சமைக்க வைத்துக்கொள்வோம். மொட்டை மாடித் தொட்டிக்கு ஏறி மெஷினுக்குள் இறங்குவது பெரும்பாலான வீடுகளில் உப்புத் தண்ணிதான்.

உப்பு என்கிறோமே தவிர, மெஷினுக்குத் தொந்தரவு தருவது சோற்று உப்பு இல்லை. கால்சியமும் மெக்னீசியமும்தான். யானைமலையையும் நாகமலையையும் பார்த்தாலே இது கடும்பாறை பூமி என்று தெரிந்துவிடும். ஆழ்துளைக் கிணற்றில் நமக்குக் கிடைப்பது பாறை வெடிப்புகளுக்குள் தேங்கிக் கிடந்த நீர். கல்லோடு கிடந்த காலமெல்லாம் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே இருந்திருக்கும். இதைத்தான் கடின நீர் என்கிறார்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லை என்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறார்கள். ஒரு தெருவில் சுமாராக இருக்கும், அடுத்த தெருவில் பக்கெட்டில் வெள்ளைக்கோடு விழும். அதனால் பக்கத்து வீட்டு அக்கா எவ்வளவு பவுடர் போடுகிறார் என்பது நமக்குக் கணக்கு ஆகாது.

நம் தண்ணீர் எப்படி என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். மூடி போட்ட ஒரு பாட்டிலில் பாதி அளவு போர் தண்ணீர் எடுத்து, குளிக்கும் சோப்பைச் சுரண்டி நாலைந்து செதில் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். அதே மாதிரி இன்னொரு பாட்டிலில் நல்ல தண்ணி, மழைத்தண்ணி கிடைத்தால் அதுவும். மென்மையான தண்ணீரில் நுரை பொங்கி நிற்கும், அடியில் தண்ணீர் தெளிவாக இருக்கும். கடின நீரில் நுரை எழாது. திரிந்த பால் போலத் திரிதிரியாக மிதக்கும். கால்சியம் சோப்பைப் பிடித்துக் கரையாத பிசினாக மாற்றிவிடுகிறது, அதுதான் அந்தத் திரி. துணி துவைக்கும் பவுடரை வைத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அது கடின நீரிலும் நுரைத்து நம்மை ஏமாற்றும்.

வாட்டர் ஃபில்டர் விற்க வருகிறவர்கள் கையில் பேனா மாதிரி ஒரு மீட்டர் வைத்திருப்பார்கள். அது காட்டும் டிடிஎஸ் எண் தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லா உப்பின் கூட்டுத்தொகை. அதில் கால்சியம் எவ்வளவு என்று அது சொல்லாது. துணிக்கு வேண்டிய தகவல் அந்த மீட்டரில் இல்லை. பாட்டிலில் இருக்கிறது.

டிடர்ஜென்ட் என்ன செய்கிறது

சோப்பு கடின நீரில் தோற்றுப்போனதால்தான் டிடர்ஜென்ட் வந்தது. அதன் மூலக்கூறுக்கு இரண்டு முனை. ஒன்று தண்ணீரோடு ஒட்டும், மற்றது எண்ணெயோடு ஒட்டும். துணியில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைச் சுற்றி வளைத்து, நூலிலிருந்து உருட்டி எடுத்துத் தண்ணீரில் மிதக்க விடுவது இதன் வேலை. இதையும் கால்சியம் ஓரளவு முடக்கும். ஆனால் சோப்பைப் போல முழுக்க இல்லை. அதனால் பவுடரில் கால்சியத்தைப் பிடித்துவைக்க ஓர் ஆளைச் சேர்த்து அனுப்புகிறார்கள். முன்பு பாஸ்பேட், இப்போது பெரும்பாலும் சியோலைட்டும் சோடா காரமும் (சலவைச் சோடா). பாஸ்பேட் நல்ல வேலைக்காரன்தான். ஆனால் கழிவுநீரில் கலந்து ஆற்றுக்கும் கண்மாய்க்கும் போனால் பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் உரமாகிவிடும். வைகைக்குள் பச்சைக் கம்பளம் விரித்தது போல ஆகாயத்தாமரை கிடப்பதைப் பாலத்தின் மேலிருந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். சாக்கடை வழியே போகிற எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு, நம் வீட்டு மெஷின் தண்ணீர் உட்பட.

அந்த ஆள் பவுடரில் தாராளமாக இருப்பார். லிக்விடில் பொதுவாகக் குறைவு. அதனால் உப்புத் தண்ணி வீட்டுக்குப் பவுடர்தான் பொருத்தம் என்பது என் கருத்து. நல்ல தண்ணி வீட்டிலும், கலர் துணிக்கும், அவசரமாகப் போடும் குறைந்த நேர வாஷுக்கும் லிக்விட் நல்லது. கால் மணி நேர வாஷில், குளிர்ந்த தண்ணீரில் பவுடர் முழுக்கக் கரைய நேரம் இருக்காது. கறுப்புச் சட்டையின் பாக்கெட்டுக்குள் வெள்ளைக் கோடு விழுவது பெரும்பாலும் இப்படித்தான்.

பவுடருக்குள் இன்னொரு வகை ஆட்களும் உண்டு: என்சைம்கள். நம் வயிற்றில் சோறும் கறியும் செரிப்பது எப்படியோ அதே வேலையைத் துணியில் செய்பவை. ஒன்று புரதத்தை வெட்டும், ஒன்று மாவுச்சத்தை வெட்டும், ஒன்று கொழுப்பை வெட்டும். விலங்குக் கணையத்திலிருந்து எடுத்த என்சைமைத் துணி துவைக்கப் பயன்படுத்தும் யோசனைக்கு ஜெர்மானியர் ஓட்டோ ரோம் 1913-இலேயே காப்புரிமை வாங்கினார். இன்றைய பவுடரில் இருப்பவை நுண்ணுயிர்களிலிருந்து வளர்த்தெடுத்தவை. இவற்றுக்குச் சூடும் வேண்டும், அதிகச் சூடும் ஆகாது. 40 டிகிரியை ஒட்டி நன்றாக வேலை செய்யும். 60-ஐத் தாண்டினால் பெரும்பாலானவை வெந்து செத்துப்போகும். பட்டும் கம்பளியும் புரத நூல் என்பதால், புரதத்தை வெட்டும் என்சைம் இருக்கும் பவுடர் கறையோடு சேர்த்து நூலையும் கடித்துப் பார்க்கும். பட்டுச்சேலைக்கு வாஷிங் பவுடர் ஆகாது என்று பெரியவர்கள் சொன்னதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

நுரை

எங்கள் அத்தைக்கு மெஷின் கண்ணாடி வழியே நுரை தெரியவில்லை என்றால் மனசு ஆறாது. "நுரையே வரலையே, அழுக்கு எப்படிப் போகும்?" என்று இன்னொரு கரண்டி போடுவார். ஐம்பது வருடம் கல்லில் துவைத்த கை அது. நுரை நின்றால் சோப்பு போதும், நுரை அடங்கினால் அழுக்கு சோப்பைத் தின்றுவிட்டது என்று அந்தக் கை படித்திருக்கிறது. கைத்துவையலில் அந்தப் படிப்பு சரிதான்.

முன்பக்கம் கதவு உள்ள ஃப்ரண்ட் லோட் மெஷினில் கதை வேறு. அது துணியைக் கொஞ்சத் தண்ணீரில் தூக்கிப் போட்டுத் தூக்கிப் போட்டுத் துவைக்கிறது. துவைகல்லில் அடிப்பதுதான் அங்கே நடப்பது. நுரை மெத்தை மாதிரி நிரம்பிவிட்டால் துணி அதன் மேல் மிதந்து விழும், அடி விழாது. அழுக்கும் போகாது, பவுடரும் அலசலில் முழுக்கப் போகாது. சில மெஷின்கள் நுரை மிஞ்சியதைக் கண்டுபிடித்துத் தாமாகவே கூடுதல் அலசல் சேர்க்கும். ஒரு மணி நேரம் என்று போட்டது ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடினால் முதலில் பவுடரைச் சந்தேகப்படுங்கள். ஃப்ரண்ட் லோடுக்கென்று தனியாக விற்கும் பவுடரில் நுரையைக் கட்டுப்படுத்தும் பொருளைச் சேர்த்திருப்பார்கள். கை துவையல் பவுடரை அதில் போடுவதுதான் அந்த ரப்பர் வளையக் கூழுக்கு நேர்வழி. டாப் லோடில் தண்ணீர் அதிகம், நுரைக்கு இடமும் உண்டு. அங்கே கொஞ்சம் தாங்கும்.

சரி, எவ்வளவுதான் போடுவது? பாக்கெட்டில் உங்கள் மெஷின் அளவுக்கு என்ன போட்டிருக்கிறதோ அதிலிருந்து ஆரம்பியுங்கள். பாட்டில் சோதனையில் திரிந்துபோன தண்ணீர் என்றால் கால் பங்கு கூட்டுங்கள், இரண்டு மடங்கு வேண்டாம். நுரை பொங்கிய தண்ணீர் என்றால் கால் பங்கு குறைத்துப் பாருங்கள். பாதி லோடுக்கு முக்கால் பங்கு பவுடர் போதும். டிரம்முக்குள் துணி போட்ட பிறகு மேலே உங்கள் உள்ளங்கை நிமிர்ந்து நுழைய இடம் இருக்க வேண்டும், அதற்கு மேல் அடைத்தால் எந்தப் பவுடரும் எடுபடாது. பவுடரைப் போடும் டிராயரில் ஒன்று, இரண்டு என்று கோடு போட்ட அறைகளும் பூப் படம் போட்ட ஓர் அறையும் இருக்கும். பவுடர் போக வேண்டியது இரண்டாவது அறைக்கு. ஒன்றாவது அறை முன்னலசலுக்கு (ப்ரீவாஷ்) மட்டும். அதில் போட்டுவிட்டு முன்னலசல் தேர்ந்தெடுக்காமல் விட்டால், பவுடர் அங்கேயே ஈரமாகிக் கட்டிதட்டும், துணி வெறும் தண்ணீரில் ஓடி வரும்.

போட்டது அதிகமா குறைவா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. மெஷினில் துவைத்துக் காய்ந்த இரண்டு துண்டை மட்டும் திரும்பவும் போட்டு, பவுடர் இல்லாமல் ஓடவிட்டு, பத்து நிமிடம் கழித்துக் கண்ணாடி வழியே பாருங்கள். நான் முதல்முறை பார்த்தபோது பவுடரே போடாத மெஷினில் நல்ல சோப்புக் குளியல் நடந்துகொண்டிருந்தது. அத்தனையும் பழைய துவையலில் துணிக்குள் தங்கியவை. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் கரண்டியை எடுத்துப் பவுடர் டப்பாவுக்கு வெளியே வைத்துவிட்டார்.

துணி காய்ந்த பிறகு அப்பளம் மாதிரி விறைத்தால் இரண்டு காரணம் இருக்கலாம். மேலே சொன்ன சோதனையில் நுரை வந்தால் பவுடர் மிச்சம். நுரை வராமலும் விறைப்பு இருந்தால் கால்சியம் நூலில் படிந்திருக்கிறது. முதலாவதற்குப் பவுடரைக் குறைக்க வேண்டும், இரண்டாவதற்குத் தண்ணீரைக் கவனிக்க வேண்டும். மெஷின் குழாயில் பிசின் மணி நிரப்பிய சாஃப்ட்னர் வைக்கலாம். அது கால்சியத்தை வாங்கிக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும், அவ்வப்போது கல்லுப்பு கரைசலில் ஊறவைத்து அதற்கு உயிர் ஏற்ற வேண்டும். ஐப்பசி மழையில் தொட்டியில் மழைத்தண்ணி சேர்க்கிறவர்கள் வெள்ளைத் துணியை அந்த வாரம் துவைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய 2003-க்குப் பிறகு பல வீடுகளில் குழாய் இறங்கி மண்ணுக்குள் போகிறது. ஒரு சின்ன டிரம் நடுவில் வைத்தால் துணிக்கும் ஆகும். துணியை மென்மையாக்கும் கண்டிஷனரைத் துண்டுக்கு ஊற்றாதீர்கள். அது நூலின் மேல் ஒரு மெழுகுப் படலம் விட்டுவிடும், துண்டு ஈரத்தை இழுக்காது.

குளிர்ந்த தண்ணி எந்த ஊர்க் குளிர்?

மெஷினில் கோல்ட், 30, 40, 60, 90 என்று எண்கள் இருக்கும். இந்த எண்கள் பிறந்தது குளிர்ந்த நாடுகளில். அங்கே குளிர்காலத்தில் குழாயில் வருவது கையை விறைக்க வைக்கும் தண்ணீர். 30 டிகிரிக்கு அதைச் சூடேற்றுவது அங்கே ஒரு வேலை. நம் ஊரில் மார்கழி அதிகாலையைத் தவிர்த்தால் தொட்டித் தண்ணீரே 30 டிகிரியை ஒட்டி இருக்கும். சித்திரை வைகாசியில் மத்தியானம் மொட்டை மாடிக் கறுப்புத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் கைவைத்தால் சுடும். குளிக்கவே பக்கெட்டில் பிடித்து ஆறவைக்கிற தண்ணீர் அது. அவர்கள் மின்சாரம் செலவழித்து வாங்கும் சூடு நமக்கு வெயிலில் இலவசமாக வருகிறது. "எந்தத் துணியையும் சுடுதண்ணீரில் துவைத்தால்தான் சுத்தம்" என்று அங்கே சொல்வதை இங்கே அப்படியே பிடித்துக்கொள்ளத் தேவையில்லை. அன்றாடச் சட்டை, பாவாடை, நைட்டி, பள்ளிச் சீருடைக்கு மதுரையில் கோல்ட் வாஷ் போதும். வெயில் ஏறிய நேரத்தில் போட்டால் இன்னும் நல்லது.

மின்சாரக் கணக்கையும் பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற ஒரு கிலோகலோரி, ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோகலோரி. ஃப்ரண்ட் லோடில் துவையல் கட்டத்தில் 15 லிட்டர் என்று வைத்து, 30-லிருந்து 60-க்கு ஏற்றினால் 450 கிலோகலோரி, ஏறக்குறைய அரை யூனிட். வாரம் ஒருமுறை என்றால் பெரிதில்லை. தினமும் என்றால் வீண். இதைவிடப் பெரிய இழப்பு அந்த ராடு. கடின நீரைச் சூடேற்றினால் கரைந்திருக்கும் கால்சியம் சுண்ணாம்பாக வெளியே வரும், சூடு கூடக்கூட வேகமாக வரும், வந்து சூடான இரும்பிலேயே படியும். படிந்த ஓடு சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தாது. உள்ளே ராடு வெந்து கருகும். தினமும் 60-இல் போட்டதற்கு நான் கொடுத்த விலை அதுதான்.

சட்டைக் காலரின் உள்பக்கத்தில் இருக்கும் லேபிளில் தொட்டிப் படத்துக்குள் 40 என்று இருந்தால், 40-இல் துவை என்று அர்த்தமில்லை. அதற்கு மேல் போகாதே என்று அர்த்தம். கீழே எவ்வளவு வேண்டுமானாலும் வரலாம்.

கறைக்குக் கறை சூடு

சூடு எங்கே வேண்டும், எங்கே கூடவே கூடாது என்பதற்கு நம் ஊர்ச் சாப்பாட்டையே எடுத்துக்கொள்ளலாம். ஜிகர்தண்டா சட்டையில் கொட்டினால் அது பால். ரத்தம், முட்டை, தயிர், குழந்தை கக்கிய பால் எல்லாம் இதே வகை, புரதக் கறை. இதில் முதலில் சுடுதண்ணி பட்டால் முட்டை வெந்து கெட்டியாவது போல நூலுக்குள் வெந்து உட்கார்ந்துவிடும். பச்சைத் தண்ணீரில் அலசி, என்சைம் பவுடர் கரைத்த பச்சைத் தண்ணீரில் அரைமணி ஊறவைத்து, அதன் பிறகுதான் மெஷின்.

கறிதோசைக்கு ஊற்றிய சால்னா மடியில் விழுந்தால் நேர்மாறு. அது எண்ணெய். எண்ணெய் இளக வேண்டும், இளகினால்தான் டிடர்ஜென்ட் அதைப் பிடிக்கும். கறையின் மேல் லிக்விட் டிடர்ஜென்ட் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து, கால் மணி விட்டு, 40 டிகிரி. காலர் அழுக்கும் இந்தக் கணக்குதான். அது உடம்பின் எண்ணெய், உடம்புச் சூட்டில் இளகியபடி வந்து துணியில் ஏறியது. அதற்குச் சற்று மேலே உள்ள சூட்டில்தான் திரும்ப இறங்கும்.

சால்னாவில் எண்ணெய் போன பிறகும் ஒரு மஞ்சள் நிற்குமே, அதுதான் எல்லாரையும் பயமுறுத்துவது. சோப்பு பட்டதும் மஞ்சள் கறை ரத்தச் சிவப்பாக மாறும். கல்யாண வீட்டில் வெள்ளை வேட்டியில் பட்ட மஞ்சளைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு "கெடுத்துட்டோமே" என்று பதறாத வீடு இல்லை. எதுவும் கெடவில்லை. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் காரத்தில் சிவக்கும், காரம் நீங்கினால் திரும்ப மஞ்சளாகும். பள்ளிக்கூடச் சோதனைச்சாலையில் மஞ்சள் தாள் வைத்துக் காட்டுவது இதைத்தான். ஆரத்திக்கு ஆலம் கரைக்க மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ப்பதும் இதற்காகத்தான். குர்குமினுக்குச் சூடு ஒன்றும் பெரிய எதிரி இல்லை. வெயில்தான் எதிரி. துவைத்து ஈரத்தோடு உச்சிவெயிலில் கறை மேலே தெரிய விரித்துப் போடுங்கள். சாயங்காலம் பார்த்தால் வெளுத்திருக்கும், பாக்கி இருந்தால் மறுநாளும். மஞ்சள் புழங்கும் ஊருக்கு இயற்கை வெயிலையும் கொடுத்திருக்கிறது.

வாழைக்கறை இந்தக் கணக்கிலெல்லாம் வராது. இலை நறுக்கும்போது தெறித்த பால் முதலில் நிறமே இல்லாமல் இருந்து, காற்றுப்பட்டுக் கறுக்கும். தெறித்த உடனே கழுவினால் உண்டு. கறுத்த பிறகு ஆக்சிஜன் பிளீச்சில் (கீழே வரும் சோடியம் பெர்கார்பனேட்) ஊறவைத்து மங்கவைக்கலாம், முழுக்கப் போகும் என்று நான் சொல்ல மாட்டேன்.

வெள்ளாவி

வெள்ளைத் துணிக்கு வருவோம். வேட்டி, படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு. இவற்றுக்கு மட்டும் 60 டிகிரி நியாயம் என்று நான் நினைக்கிறேன். காரணம் இரண்டு. தூசிப்பூச்சிகள் 55 டிகிரிக்கு மேல்தான் சாகும், காய்ச்சல்காரர் படுத்த விரிப்புக்கும் இந்தச் சூடு நல்லது. இன்னொன்று, வெளுக்க வைக்கும் சோடியம் பெர்கார்பனேட். தண்ணீரில் கரைந்ததும் ஹைட்ரஜன் பெராக்சைடை விடும் பொருள் இது. நம் தொட்டித் தண்ணீரின் சூட்டில் சோம்பலாக வேலை செய்யும், 60-இல் சுறுசுறுப்பாகிவிடும். பவுடர் பாக்கெட்டின் பின்னால் இது இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் தனியாகவும் கிடைக்கிறது. லிக்விடில் இது நிற்காது என்பதால் லிக்விடில் துவைத்த வேட்டி மாதங்கள் போகப் போக மங்கிக்கொண்டே வரும். அந்த மங்கலை மறைக்கச் சொட்டு நீலம் போடுவோம். நீலம் அழுக்கை எடுப்பதில்லை, மஞ்சளித்ததைக் கண்ணுக்கு வெள்ளையாகக் காட்டும். போடுவதானால் கடைசி அலசலில், கரைத்து.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் வெள்ளாவி ஞாபகம் வரும். வைகையில் துவைத்த காலத்தில் சலவைத் தொழிலாளர்கள் துணியை உவர்மண் கரைசலில் முக்கி, மூட்டையாகக் கட்டி, பானையின் மேல் அடுக்கி, அடியில் தீமூட்டி இரவெல்லாம் ஆவியில் வேகவைப்பார்கள். விடிந்ததும் ஆற்றுக்குக் கொண்டுபோய்க் கல்லில் அடித்து அலசி, மணலில் விரித்துக் காயவைப்பார்கள். உவர்மண்ணில் இருப்பது சோடா காரம், இன்று பவுடரில் கால்சியத்தைப் பிடிக்கச் சேர்க்கும் அதே பொருள். ஆவி சூடு, இரவு நேரம், கல் அடி. ஜெர்மனியில் ஹெர்பர்ட் சின்னர் என்பவர் 1959-இல் இதை ஒரு வட்டமாக வரைந்தார்: வேதிப்பொருள், சூடு, நேரம், அடி ஆகிய நான்கும் சேர்ந்துதான் சுத்தம், ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்ட வேண்டும் என்று. வைகை அணை திறந்ததும், இந்தியாவுக்கு சர்ஃப் வந்ததும் அதே 1959-தான். அந்த வட்டத்தை யாரும் வரைந்து காட்டாமலே வெள்ளாவி வைத்தவர்கள் கையில் வைத்திருந்தார்கள். சூடு கிடைக்காத கோல்ட் வாஷில் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள், இரவு முழுக்க ஊறவைத்துவிட்டுக் காலையில் ஓடவிடுங்கள். பவுடரைக் கூட்டாமலே வித்தியாசம் தெரியும். ஹீட்டர் இல்லாத செமி ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்கும் இந்த வழி உண்டு.

மெஷினுக்கும் ஒரு குளியல்

எப்போதும் கோல்ட் வாஷே போட்டால் ரப்பர் மடிப்பிலும் டிராயரிலும் பவுடர் மிச்சமும் பூஞ்சையும் சேரும். மாதம் ஒருமுறை துணி இல்லாமல் 60-க்கு மேலே, இருந்தால் 90-இல், ஒரு சுற்று ஓடவிட வேண்டும். உப்புத் தண்ணி வீட்டில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தச் சுற்றில் பவுடருக்குப் பதில் சிட்ரிக் அமிலம் போட்டால் ராடில் படிந்த சுண்ணாம்பு கரையும். மெஷின் கையேட்டில் அதற்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ போட்ட சுற்றில் எந்த அமிலமும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் அது உயிருக்கு ஆபத்து. துவைத்து முடித்ததும் கதவைத் திறந்தே வையுங்கள், டிராயரையும் இழுத்துவிடுங்கள்.

கடைசியாகச் சுங்குடி. நம் ஊரில் சௌராஷ்டிரர்கள் கட்டிக் கட்டிச் சாயமேற்றிய அந்தப் புள்ளிச்சேலைக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விளக்குத்தூண் பக்கம் வாங்கி வந்த புதுச் சுங்குடியை நேராக மெஷினில், அதுவும் மற்றத் துணிகளோடு போட்டுவிட்டு, வெள்ளைப் பனியன் ரோஸ் ஆனதைத் தோளில் போட்டுக்கொண்டு வருத்தப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நூலோடு பிணையாத மிச்சச் சாயம் முதல் சில அலசலில் இறங்கத்தான் செய்யும். சூடு அதை அவசரப்படுத்தும், காரமான பவுடரும் அவசரப்படுத்தும், ஊறவைப்பது எல்லாவற்றையும்விட மோசம். முதல் மூன்று தடவை தனியாக, பச்சைத் தண்ணீரில், மென்மையான லிக்விட் சில சொட்டு விட்டு, கையால், ஐந்தே நிமிடத்தில் அலசி எடுத்துவிடுங்கள். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்துங்கள். அப்புறம் உள்பக்கம் வெளியே திருப்பி, நிழலில் காற்றோட்டமாக விரியுங்கள். மஞ்சள் கறைக்கு நல்லது செய்த அதே உச்சிவெயில் சுங்குடியின் அரக்கையும் பச்சையையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும்.